முத்து நகரில் ஒரு ஜோடி முத்து

தூத்துக்குடிக்கு முத்து நகர் என்று பெயர். அந்தப் பெயரில் சென்னையிலிருந்து ஒரு ரயிலே ஓடுகிறது. ஆனால், அந்த ஊர்க்காரரைக் கட்டிக்கொண்டு ஐம்பது வருஷம் குடும்பம் நடத்திய என் அம்மாவின் காதில் பொட்டு முத்து கிடையாது. "வாயைத் திறந்தா முத்துக் கதை. கையைத் திறந்தா ஒண்ணுமில்ல!" என்பது அவளுடைய நிரந்தரப் புகார்.

அப்பாவுக்குக் கண்ணில் க்ளாக்கோமா. வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் சாவித் துவாரம் அளவுக்குத்தான் பார்வை. "போனது வராது. இருக்கிறதைக் காப்பாத்தப் பார்ப்போம்" என்றார் டாக்டர். அன்று ராத்திரியே அப்பா சொன்னார்: "மிச்சம் இருக்கும்போதே ஊரை ஒரு தரம் பாத்துருதேன்ல."

ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலியிலிருந்து வாடகைக் காரில் கிளம்பினோம். வாந்தி வரும் என்று அம்மா முன் சீட்டைக் கேட்டாள். "உங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே, பின்னால உக்காருங்களேன்!"

"தெரியற கொஞ்சத்தைப் பாக்கத்தான வந்திருக்கேன்!" என்று அப்பா முன்னால் ஏறிக்கொண்டார்.

முதலில் திருச்செந்தூர்ப் பக்கம் குதிரைமொழித் தேரி. கண்ணுக்கெட்டிய வரை செக்கச் செவேலென்று மணல், நடுநடுவே பனை. "ராஜஸ்தானா தாத்தா?" என்றாள் என் மகள். மணலில் உள்ள இரும்பு துருவேறியதால் வந்த சிவப்பு இது. அப்பா தலையை மெல்லத் திருப்பித் திருப்பி, துண்டு துண்டாகப் பார்த்தார். "சிவப்பு தெரியுது" என்றார். யாரும் பேசவில்லை.

அடுத்து கொற்கை. பாண்டியர்களின் முத்துத் துறைமுகம். சுமார் 1900 வருஷத்துக்கு முன்பே கிரேக்க மாலுமி ஒருவர் இதை எழுதி வைத்திருக்கிறார். இங்கே தண்டனைக் கைதிகளை முத்துக் குளிக்க வைத்தார்களாம். இப்போது சுற்றிலும் வயலும் வாழையும்தான்.

"கடல் எங்க தாத்தா?"

"கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சு, ஏட்டி." தாமிரபரணி கொண்டு வந்து கொட்டிய வண்டல், கடலைப் பல கிலோமீட்டர் தள்ளிவிட்டது.

முள்ளக்காடு தாண்டினால் ரோட்டோரம் உப்பளம். வெள்ளை வெள்ளையாகக் குவியல். ஜன்னலை இறக்கச் சொல்லி அப்பா மூச்சை இழுத்தார். ஊர் வந்துவிட்டது அவருக்கு.

கடற்கரையில் அவர் வாய் திறந்தது. 1961-ல் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தபோது அவருக்குப் பதிமூன்று வயது. கல்லைக் கட்டிய கயிற்றில் காலை வைத்து, மூச்சைப் பிடித்து இறங்குவார்கள். சிப்பியைக் குவித்து அழுக விட்டு, பிறகு அலசி முத்து எடுப்பார்கள். "ஈ மொய்க்கும். நாத்தம் குடலைப் பிடுங்கும். அந்த நாத்தத்துக்குள்ளதான் முத்து!" அதற்குப் பிறகு குளிப்பே நடக்கவில்லை. 1973-ல் இதே ஊரில் விஞ்ஞானிகள் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டினார்கள்.

சாயங்காலம் மக்ரூன் வாங்கப் போனோம். பக்கத்து நகைக் கடைக்குள் அப்பா விறுவிறுவென்று நுழைந்துவிட்டார். "முத்துத் தோடு எடுங்க."

"ஹைதராபாத்லேர்ந்து வருது சார். வளர்ப்பு முத்து" என்றார் கடைக்காரர் உண்மையாக.

அப்பா ஒன்றை எடுத்துப் பல்லில் லேசாகத் தேய்த்தார். கண்ணாடி மணி வழுக்கும், முத்து நறநறக்கும். "முத்துதான்" என்றார். பிறகு பென்ஷன் பணத்தை எடுத்து, ஒவ்வொரு நோட்டாகத் தடவி அளந்து கொடுத்தார்.

அம்மா கடையிலேயே போட்டுக்கொண்டாள். அப்பா அவள் தாடையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். சாவித் துவாரத்துக்குள் அவள் காதைக் கொண்டுவரக் கொஞ்ச நேரம் ஆனது.

"தெரியுதா?"

"ம். தெரியுது."

"ஐம்பது வருஷம் லேட்டு!" என்றாள் அம்மா. ஆனால் அவர் பார்த்து முடிக்கும் வரை தலையை அசைக்கவே இல்லை.