உப்பைக் கீழே வையுங்க

"ஆச்சி, மொதல்ல அந்த உப்பைக் கீழே வையுங்க." நாய் சாக்லேட் தின்றுவிட்டது என்று போன் வந்தால் நான் முதலில் சொல்வது இதுதான். உப்பளங்களால் வாழும் ஊர் தூத்துக்குடி. வயிற்றுக்குள் போகக்கூடாதது போனால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பது இங்கே பழைய வழக்கம். வாந்தி வராவிட்டால் அந்த உப்பு முழுவதும் ரத்தத்தில் ஏறி, மூளையைத் தாக்கி, வலிப்பில் கொண்டுபோய் விடும். சாக்லேட்டில் பிழைத்திருக்கக்கூடிய நாய் உப்பில் போய்விடலாம்.

கப்பலில் வேலை பார்ப்பவர்கள் கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்பும் நாட்களில் இந்த அழைப்புகள் கூடும். பெட்டியில் பிள்ளைகளுக்கு வெளிநாட்டுச் சாக்லேட் இருக்கும். அதை முதலில் மோப்பம் பிடிப்பது வீட்டு நாய்தான்.

கோகோவில் தியோபுரோமின் என்றொரு பொருள் இருக்கிறது. நம் உடல் அதைச் சீக்கிரம் கழித்துவிடும். நாயின் உடலில் பாதி குறையவே 17 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை இதயமும் நரம்பும் ஓய்வில்லாமல் விரட்டப்படும். நாயின் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனால் வாந்தி, வயிற்றுப்போக்கு, இருப்புக்கொள்ளாமை. 40, 50-ஐ எட்டினால் இதயத் துடிப்பு தடுமாறும். 60 ஆனால் வலிப்பு. பால் சாக்லேட்டில் ஒரு கிராமுக்குச் சுமார் 2 மில்லிகிராம், கறுப்புச் சாக்லேட்டில் 5 அல்லது அதற்கும் மேல். வெள்ளைச் சாக்லேட்டில் அநேகமாக ஒன்றும் இல்லை.

அதனால் நான் கேட்பது மூன்று: என்ன சாக்லேட், எவ்வளவு, எத்தனை மணிக்கு? உறையைக் கையோடு கொண்டுவரச் சொல்வேன். எடை தெரியாவிட்டால், நாயைத் தூக்கிக்கொண்டு எடைபார்க்கும் மெஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளலாம். கேக்கும் தின்றிருந்தால், அதில் உலர்திராட்சை இருந்ததா என்றும் கேட்பேன். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். எவ்வளவு தின்றால் ஆபத்து என்று கணக்குப்போட்டுச் சொல்லவும் முடியாது. எங்கள் ஊர் மக்ரூனில் முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரிதான். அதை நாய் தின்றால் நான் பதறுவதில்லை.

ஒரு வருடம் இந்தக் கணக்கே என்னை ஏமாற்றியது. 6 கிலோ பொமரேனியன். 50 கிராம் பால் சாக்லேட் தின்றது என்றார்கள். கிலோவுக்கு 17 மில்லிகிராம்கூட வரவில்லை. பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டேன். நள்ளிரவில் நாயின் உடம்பெல்லாம் நடுங்க, தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். நெஞ்சில் கை வைத்தால் துடிப்பை எண்ண முடியவில்லை. வாசலில் நின்ற எட்டு வயதுப் பையன் அழுதுகொண்டே சொன்னான்: "கறுப்பு சாக்லேட்டு ஒண்ணு நான்தான் ஊட்டுனேன். முழுசா."

அது 100 கிராம் கட்டி. கணக்கு கிலோவுக்கு 100 மில்லிகிராமில் போய் நின்றது.

தின்று ஓரிரு மணிக்குள் வந்திருந்தால் மருந்து கொடுத்து வாந்தி எடுக்கவைத்திருப்பேன். நடுங்கும் நாயிடம் அதைச் செய்தால் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடலாம். நடுக்கத்தை அடக்க ஊசி, டிரிப்ஸ், இதயத்தைத் தணிக்கும் மருந்து. நிதானத்துக்கு வந்த பிறகு குடலில் மிச்சமிருப்பதைப் பிடிக்கக் கரி மருந்து. அடுப்புக்கரி அல்ல, அதற்கென்றே தயாரித்தது. தியோபுரோமின் சிறுநீர்ப்பையில் தேங்கினால் அங்கிருந்தே மறுபடி ரத்தத்துக்குத் திரும்பும். அதனால் முதலில் குழாய் போட்டுச் சிறுநீரை எடுத்தோம். நாய் எழுந்து நின்றதும் அடிக்கடி வெளியே கூட்டிப்போக வேண்டியிருந்தது.

அந்த வேலையைப் பையனிடம் கொடுத்தேன். மறுநாள் முழுக்க மணிக்கொரு தரம் சங்கிலியைப் பிடித்து வேப்பமரத்தடிக்கு நடத்திப்போனான். ஒவ்வொரு முறையும் ஓடிவந்து, "போயிட்டு டாக்டர்" என்று சொன்னான். நாய் பிழைத்தது.

அவன் பொய் சொல்லவில்லை. அவனை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் பெரியவர்கள் சொல்லி முடித்ததும், "போனைக் கொஞ்சம் பிள்ளைகிட்ட குடுங்க" என்கிறேன்.