கோலா, கயிறா, காலணியா?

தூண்டில் என்றதும் நம்மில் பெரும்பாலோர்க்கு நினைவுக்கு வருவது ஒரு மூங்கில் குச்சி, நாலு முழம் நரம்பு, மயிலிறகுத் தண்டில் ஒரு தக்கை, கொட்டாங்கச்சியில் சில மண்புழுக்கள். குளக்கரையில் பொறுமையாக உட்கார்ந்தால் மாலைக்குள் இரண்டு கெண்டையாவது கிடைக்கும். செலவு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. ஆனால் மலையாற்றில் டிரவுட் மீனுக்காக வீசும் ‘ஃபிளை’ தூண்டில் அப்படிப்பட்டதன்று. அது பணம் கேட்கும். ஒவ்வோர் ஆண்டும் கேட்கும். எதைக் கேட்கிறது, எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாகாது என்று கணக்குப் பார்ப்பதே பருவம் தொடங்குமுன் என்னைப் போன்றவனுக்குப் பெரிய வேலை.

இயற்பியல் வகுப்பெடுக்கும் ஆசாமிக்கு இந்த வேலை எப்படி ஒட்டிக்கொண்டது என்று மாணவர்கள் கேட்கக்கூடும். நான் நீலகிரிக்காரன். 1907-ஆம் ஆண்டில் அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. அதற்குப் பாடுபட்டவர் எச். சி. வில்சன் என்பவர். அந்த மீன்கள் பெருகிய ஓடைகளின் அருகில்தான் என் தந்தையார் ஒரு தேயிலைத் தோட்ட அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். தோட்டத் துரை ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது, தம் தூண்டிற்கோலை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். கண்ணாடி இழையால் ஆன கோல். இளம் பழுப்பு நிறம். எட்டடி நீளம். அதுதான் இன்றும் என்னிடம் இருப்பது.

அப்பா மீன் பிடித்த ஓடைகளில் சில முக்கூர்த்தியைச் சேர்ந்தவை. 1990-இல் அது தேசியப் பூங்காவாயிற்று. அங்கே தூண்டிலோடு நுழைய நினைக்கலாகாது. வரையாடும் சோலைக்காடும் நிம்மதியாக இருக்கட்டும். வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்ட மீனுக்காக அவற்றைத் தொந்தரவு செய்வது நியாயமும் அன்று. ஆகவே நான் போவது இமாசலப் பிரதேசம், குலு மாவட்டம், தீர்த்தன் ஆறு. என் மைத்துனர் அந்த மாவட்டத்தில் ஒரு மின் திட்டத்தில் பணிபுரிகிறார். அங்கும் பழுப்பு டிரவுட் வந்தேறிதான். 1909 வாக்கில் குலுவில் விட்டார்கள். டிரவுட் நீர்கள் நவம்பர் முதல் தேதியிலிருந்து பிப்ரவரி இறுதிவரை மூடியிருக்கும். மீன் முட்டையிடும் காலம் அது. மார்ச்சில் பருவம் திறக்கும். நமக்கோ தேர்வும் விடைத்தாள் திருத்தலும் முடிந்து மே மாதத்தில்தான் விடுதலை.

இந்த ஆண்டு ஒரு புதுச் செய்தி. என் மகளும் வருகிறாள். தாவரவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. கையில் இருந்ததோ ஓராண்டாகச் சேர்த்த 18,000 ரூபாய். அதற்குள் ஒருவருக்கு வாங்குவதா, இருவருக்கு வாங்குவதா என்பதே முதல் சிக்கல்.

சூதாட்டத்தைக் கண்டிக்க வந்த வள்ளுவர், தூண்டில் இரும்பை விழுங்கிய மீனை உவமை காட்டுகிறார். மீன்பிடிக் கடையின் விலைப்பட்டியலைப் புரட்டும்போதெல்லாம் அந்த மீன் வேறு யாரோ அல்ல என்று எனக்குத் தோன்றும். வழவழப்பான தாள். அதில் கார்பன் இழைக் கோல் ஒன்று. ஒன்பதடி, நான்கு துண்டு, கையில் எடுத்தால் காற்றுப்போல இருக்குமாம். விலை 26,000. வேதியியல் துறை நண்பர் ஒருவர் அதே வகைக் கோல் வைத்திருக்கிறார். “சார், அந்தக் கண்ணாடிக் கோலை மியூசியத்துக்குக் கொடுத்துடுங்க. மீதிப் பணத்தைக் கடன் வாங்குங்க” என்பது அவர் ஆலோசனை.

மகள் கேட்டாள்: “ஏம்பா, இருபத்தாறாயிரம் ரூபாய்க் கோல் வாங்கினா மீன் தானா வந்துடுமா?”

கேள்வி கேலியாக இருந்தாலும் இயற்பியல் கேள்விதான். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நரம்பை இழுத்துக்கொண்டு பறக்கிறது. ஃபிளை என்பதோ முள்ளில் இறகும் மயிரும் நூலால் சுற்றிய பொய்ப்பூச்சி. அதன் எடை கிராமில் பத்தில் ஒரு பங்குகூட இராது. அதை எறிந்தால் காலடியில் விழும். எனவே இங்கே எறியப்படுவது பூச்சி அன்று, கயிறு. ‘லைன்’ என்று சொல்லப்படும் தடித்த கயிற்றுக்குத்தான் எடை. 5-ஆம் எண் லைன் என்றால் அதன் முதல் 30 அடி 140 கிரெயின், அதாவது சுமார் 9 கிராம். கோல் வளைந்து நிமிரும்போது அந்தக் கயிறு ஒரு வளையமாகச் சுருண்டு, முன்னோக்கி விரிந்துகொண்டே போகிறது. சாட்டை சொடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதே தத்துவம். ஓடும் பகுதி குறையக் குறைய வேகம் நுனிக்குப் போய்ச் சேருகிறது. கடைசியில் பூச்சி, பூச்சியைப் போலவே தண்ணீரில் உட்காருகிறது.

அப்படியானால் என் தூண்டிலில் நோய் எங்கே இருக்கிறது? கோலிலா, கயிற்றிலா? போன பருவத்தில் என் லைன் வளையங்களில் தடுக்கித் தடுக்கி ஓடியது. நுனிப்பகுதி மூழ்கவும் செய்தது. ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்கு நாங்கள் சொல்வது ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. நண்பரின் கோலையும், அவருடைய புதிய லைனையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவல் வாங்கினேன். இரண்டு கோல், இரண்டு லைன், நான்கு சேர்க்கை. கல்லூரி விளையாட்டுத் திடலில் முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் கட்டி வீசினேன். மகள் அளவு நாடாவைப் பிடித்தாள். கபடி ஆட வந்த மாணவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். “தண்ணியே இல்லாத எடத்துல சார் மீன் புடிக்கிறாரு” என்று ஒருவன் சொன்னது என் காதில் விழவில்லை என்றே வைத்துக்கொள்வோம்.

முடிவு தெளிவாக இருந்தது. விலை உயர்ந்த கோலில் என் பழைய லைனை மாட்டியபோது தூரம் ஏதோ இரண்டு மூன்று அடி கூடியது. என் பழைய கோலில் புதிய லைனை மாட்டியபோது அதைப்போல் மூன்று மடங்கு கூடியது. அதுமட்டுமன்று, கம்பளி நூல் குறித்த இடத்தில் மெதுவாக இறங்கியது. தீர்த்தனில் நாம் வீச வேண்டிய தூரமே பெரும்பாலும் முப்பது அடிக்குள். கற்பாறைக்குப் பின்னே, கரையோர மரநிழலில், கைக்கெட்டும் தொலைவில்தான் மீன் நிற்கிறது. அந்தத் தூரத்திற்கு மெல்ல வளையும் கண்ணாடிக் கோல் குறைவே இல்லை. கார்பன் கோல் 1973-இல் விற்பனைக்கு வந்தது. அதற்குமுன் உலகத்தில் யாரும் டிரவுட் பிடிக்கவில்லையா என்ன?

நண்பர் சற்று வாடினார். அவர் கோல் நல்ல கோல்தான். காற்று எதிர்த்து வீசும் அகன்ற ஏரியிலே அதன் அருமை தெரியும்.

லைனை விரல்களுக்கிடையே விட்டு இழுத்துப் பார்த்தேன். மேற்பூச்சு முழுவதும் நுண்ணிய வெடிப்புகள். உள்ளே ஒரு பின்னல் கயிறு, வெளியே பிளாஸ்டிக் பூச்சு. மிதக்கும் லைனில் அந்தப் பூச்சுக்குள் காற்றுநுண்குமிழ்கள் இருக்கும். பூச்சு வெடித்தால் தண்ணீர் உள்ளே இறங்கும், கயிறு மூழ்கும். வயதானாலும் வெடிக்கும், வெயிலில் காரில் கிடந்தாலும் வெடிக்கும், கொசுவிரட்டி மருந்து பட்ட கையால் தொட்டாலும் கெடும். ஆனால் எனக்கு வேறொரு சந்தேகம். கோலின் நுனி வளையத்துக்குள் கொஞ்சம் பஞ்சை நுழைத்து இழுத்தேன். பஞ்சு சிக்கிக்கொண்டது. ஐம்பது ஆண்டுகள் கயிறு ஓடி ஓடி, வளையத்தில் கத்திமுனை போல ஒரு பள்ளம் விழுந்திருந்தது. எத்தனை புது லைன் வாங்கினாலும் அந்த வளையம் அரத்தைப்போல அதை அராவிவிடும். முதல் செலவு அதற்குத்தான்: நுனி வளையமும் உருக்கி ஒட்டும் பசையும் சேர்த்து 250 ரூபாய். பிறகு லைன், 6,200 ரூபாய். அதே 5-ஆம் எண்.

லைனின் முனையிலிருந்து பூச்சிவரை கட்டும் மெல்லிய நரம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடையில் 4எக்ஸ், 5எக்ஸ் என்று எழுதியிருக்கும். 11-இலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் வருவது, அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு பருமன் என்பது. 5எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 6; நம் தலைமயிர் இரண்டைச் சேர்த்த பருமன்தான். நைலான் நரம்பு வெயில் பட்டால் வலுவிழக்கும். போன ஆண்டு மீதியை முடிச்சுப் போட்டு இழுத்தால் பட்டென்று அறுந்தது. இதில் சிக்கனம் பார்த்தால் மீனின் வாயில் முள்ளோடு அறுந்துபோகும். நமக்கு நட்டம், மீனுக்குத் துன்பம். புதுச்சுருள்கள் 1,400 ரூபாய்.

ரீலைப் பற்றி விளம்பரங்கள் நிறையப் பேசுகின்றன. கடலில் பெரிய மீன் பிடிப்பவர்க்கு அது முக்கியம். ஒரு சாண், ஒன்றரைச் சாண் டிரவுட்டுக்கு ரீல் என்பது கயிறு சுற்றி வைக்கும் பெட்டி. டிக், டிக் என்று சத்தம் போடும் பழைய ரீலே போதும்.

இத்தனையும் நான் கணக்கிட்டுக்கொண்டிருக்க, உண்மையான முடிவு சமையலறையில் எடுக்கப்பட்டது. “பாப்பாவைக் கூட்டிட்டுப் போறதுன்னா மொதல்ல காலுக்கு என்ன போடப் போறீங்கன்னு சொல்லுங்க. கோலு, கயிறெல்லாம் அப்புறம் பேசலாம்” என்றாள் என் மனைவி. அவள் பேச்சில் காரணம் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவளுடைய அண்ணன் சாதாரண கேன்வாஸ் ஷூவோடு ஆற்றில் இறங்கினார். முழங்கால் அளவுத் தண்ணீர்தான். பாசி படிந்த உருண்டைக் கல் ஒன்றில் கால் வைத்ததும் வழுக்கி, இருபது அடி தூரம் உருண்டார். கீழே ஒரு பாறையில் மோதி நின்றதால் பிழைத்தார். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் தடியை நீட்டி இழுத்துவிட்டார். முழங்கால் வீக்கம் வடிய ஆறு வாரம் ஆயிற்று.

மே மாதத்துத் தீர்த்தனைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். காலையில் அடியிலிருக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். வெயில் ஏற ஏற மேலே பனி உருகும். பிற்பகலில் தண்ணீர் ஏறும். நீங்கள் காலையில் கடந்துபோன இடத்தை மாலையில் கடந்து திரும்ப முடியாமல் போகலாம். அந்த நீரின் குளிரோ, சிறிது நேரத்தில் பாதம் இருக்கிறதா என்பதே மறந்துபோகும். உணர்வில்லாத காலுக்குப் பிடிமானம் தருவது காலணியின் அடிப்பாகம் ஒன்றே.

அடிப்பாகத்தில் இரண்டு வகை. ஒன்று அழுத்திய கம்பளம் போன்ற ‘ஃபெல்ட்’. மற்றொன்று ரப்பர், அதில் உலோக ஆணிகள் பொருத்தலாம். பாசிக்கல்லில் ஃபெல்ட் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அது ஈரத்தை எளிதில் விடாது. ஓர் ஆற்றின் நுண்ணுயிரை அடுத்த ஆற்றுக்குச் சுமந்துபோகும். நியூசிலாந்தில் 2004-இல் டிடிமோ என்னும் பாசி ஆறுகளில் பரவக் கண்டார்கள். 2008-இல் ஃபெல்ட் காலணியையே தடை செய்துவிட்டார்கள். இதை மகளிடம் சொன்னதும், “அப்போ எனக்கு ரப்பர்தாம்பா, ஆணி வெச்சது. பாட்டனி ஸ்டூடண்ட் பாசியைப் பரப்பினா நல்லாவா இருக்கும்?” என்றாள். 6,500 ரூபாய் அங்கே போயிற்று. எடுத்த செலவுகளில் அதுவே பெரியது.

என்னுடைய காலணியின் மேற்பாகம் உறுதியாக இருந்தது. அடியிலிருந்த ஃபெல்ட் தேய்ந்துவிட்டது. பேருந்து நிலையத்தருகே செருப்புத் தைக்கும் பெரியவரிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஆத்துக்குள்ளாற நிக்கிறதுக்கா சார்? அப்ப வெறும் பசை தாங்காது, சுத்தித் தையலும் போட்டுடறேன்” என்றார். பழைய ஃபெல்ட்டைப் பிய்த்து, ரப்பர் அடி ஒட்டி, ஓரமெல்லாம் தைத்து, பன்னிரண்டு ஆணிகளும் அடித்துக் கொடுத்தார். 900 ரூபாய். கடைக்காரர்கள் அச்சிடும் பட்டியலில் இத்தகைய ஆளின் முகவரி இருப்பதில்லை.

கண்ணாடி ஒன்று பாக்கி. நீர்ப்பரப்பின் பளபளப்பை நீக்கும் போலராய்டு கண்ணாடி. அது இருந்தால் மீனும் தெரியும், அடுத்த அடி வைக்கும் கல்லும் தெரியும். காற்றில் திரும்பிவரும் முள்ளிலிருந்து கண்ணையும் காக்கும். என்னிடம் ஒன்று உண்டு. மகளுக்கு 1,900 ரூபாயில் ஒன்று. இடுப்பு வாருக்குப் பழைய என்.சி.சி. பெல்ட். ஊன்றுகோலுக்கு வீட்டுக் கொல்லை மூங்கில். முட்களின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கித் தட்டையாக்குவதற்குச் செலவே இல்லை. விட்டுவிட வேண்டிய சின்ன மீன் காயமின்றிப் போகும்.

ஆக 17,150 ரூபாய். கோல் ஒன்றுதான், ஆள் இரண்டு. “மாத்தி மாத்திப் போடலாம்பா. ஒருத்தர் வீசும்போது ஒருத்தர் மேல நின்னு மீன் எங்கன்னு பாக்கலாம்” என்கிறாள். மைத்துனருக்கும் செய்தி போயிருக்கிறது: கேன்வாஸ் ஷூவோடு வந்தால் கரையில்தான் நிற்க வேண்டும். மீதி 850 ரூபாயை உறையில் போட்டு, ‘லைசென்ஸ்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். விடைத்தாள் திருத்தும் முகாம் முடிந்த மறுநாள் டில்லிக்கு இரயில். அங்கிருந்து ஒளட் வரை இரவுப் பேருந்து. அதுவரை மாலை ஐந்து மணிக்குமேல் திடலில் கம்பளி நூல் பறக்கும். கபடி ஆடுவோர் கொஞ்சம் தள்ளி ஆடும்படி கேட்டுக்கொள்கிறேன்.