லோக்கலில் கணக்குப் பார்ப்பது

செங்கல்பட்டில் லோக்கல் ரயில் ஏறுகிறவர்களுக்கு உட்கார இடம் கிடைத்துவிடும். கொளவாய் ஏரி, பரனூர், சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் டேப்லெட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் வேலை பார்க்கலாம். கூடுவாஞ்சேரி தாண்டினால் முழங்கையை ஒடுக்கிக்கொள்ள வேண்டும். தாம்பரத்துக்குப் பிறகு, நிற்கிறவரின் பை நம் திரைமேல் வந்து தொங்கும். வேலையையும் அதற்கேற்பப் பிரித்துக்கொள்வதே நல்லது. தட்டச்சு செய்யவேண்டியதெல்லாம் தாம்பரத்துக்கு முன்பு, சரிபார்ப்பது மட்டும் அதற்குப் பின்பு.

*

சரிபார்ப்பதை யாரும் குறைத்து எண்ணவேண்டாம். கணக்குப் பிரிவில் பாதிப் பொழுது அதற்குத்தான் போகிறது. மாதாமாதம் தாக்கல் செய்கிற நிறுவனம் 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 போடவேண்டும், 20ஆம் தேதிக்குள் 3பி. அதற்கு முன் விற்பனைப் பட்டியலை ஒவ்வொரு பில்லாகப் பார்த்தாக வேண்டும்.

ஜிஎஸ்டி எண்ணில் மொத்தம் 15 எழுத்துகள். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், அடுத்த பத்து எழுத்து பான் எண். 33 தமிழ்நாடு, 29 கர்நாடகம், 32 கேரளம். இங்கிருந்து பெங்களூருக்குப் போன சரக்குக்கு ஐஜிஎஸ்டி விழவேண்டும். உள்ளூர் விற்பனைக்கு சிஜிஎஸ்டி பாதி, எஸ்ஜிஎஸ்டி பாதி. 29இல் தொடங்கும் எண்ணுக்கு எதிரே ஐஜிஎஸ்டி காலியாக இருந்து, மற்ற இரண்டில் தொகை நின்றால், அந்த பில்லை எடுத்துப் பார்த்தே தீரவேண்டும்.

இந்த வேலைக்கு மேசையில் இருக்கிற பெரிய திரையைவிட டேப்லெட்தான் நல்லது என்பது என் உறுதியான எண்ணம். பெரிய திரையில் இருபது நெடுவரிசைகள் ஒன்றாகத் தெரியும், கண் தாவிக்கொண்டே இருக்கும். டேப்லெட்டில் ஜிஎஸ்டி எண், தொகை, வரி தவிர மற்றதையெல்லாம் மறைத்துவிட்டு, தலைப்பு ரோவை ஃப்ரீஸ் செய்துவிட்டால், பார்ப்பதற்கு வேறெதுவும் இல்லை. விரலால் மெதுவாக நகர்த்தும்போது ஒவ்வொரு ரோவும் கண்ணில் பட்டே போகிறது.

*

புதிதாக ஒரு ஷீட் கட்டுவதற்கு ரயில் ஆகாது. மூன்று ஷீட்டிலிருந்து எடுத்து இணைக்கிற ஃபார்முலா, பிவட் டேபிள், இதெல்லாம் மேசைக்கு உரியவை. மேக்ரோ எழுதி வைத்த ஃபைல் ஐபேட் எக்செல்லில் திறக்கும், ஆனால் மேக்ரோ ஓடாது. பட்டனை எத்தனை முறை தட்டினாலும் பயனில்லை.

*

டேன் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் ஆப்பிள் II கணினிக்காக எழுதிய விசிகால்க் 1979இல் வந்தது. ஒரு எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லாம் தானே மாறும் என்பதுதான் அதன் அதிசயம். எக்செல் வரை எல்லாமே அந்த வழியில் வந்தவை. ஐபேட் 2010இல் வந்தபோது ஆப்பிளின் நம்பர்ஸும் உடன் வந்தது. மைக்ரோசாஃப்ட்டின் எக்செல், வேர்ட், பவர்பாயின்ட் ஐபேடுக்கு வர 2014 மார்ச் ஆயிற்று. முதலில் காசு கொடுக்காதவர்கள் படிக்கத்தான் முடிந்தது, திருத்தச் சந்தா கட்டவேண்டும். அந்த நவம்பரில் சாதாரணத் திருத்தங்களை இலவசமாக்கினார்கள். நம்முடைய கடற்கரை–தாம்பரம் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். ஆபீஸ் பைக்குள் இருந்த வேலை பெட்டிக்குள் விரிய இத்தனை காலம் பிடித்திருக்கிறது.

*

பொருளாதார அறிஞர்கள் கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அரசின் கடன் நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி வெகுவாகக் குறைகிறது என்பது அதன் சாரம். செலவைக் குறைக்கவேண்டும் என்று வாதாடிய அரசியல்வாதிகள் பல நாடுகளில் அதை மேற்கோள் காட்டினார்கள். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் படித்துக்கொண்டிருந்த தாமஸ் ஹெர்ன்டன் என்ற மாணவர், வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார். விடை வரவில்லை. கட்டுரை ஆசிரியர்களிடமே எக்செல் ஷீட்டைக் கேட்டு வாங்கினார். சராசரி எடுக்கும் ஃபார்முலா 30ஆம் ரோவிலிருந்து 49 வரை போயிருக்கவேண்டும், 44இலேயே நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் என ஐந்து நாடுகள் கணக்கில் வரவில்லை. கட்டுரையின்மேல் அவருக்கு வேறு ஆட்சேபங்களும் இருந்தன. 2013இல் அவர் கண்டது வெளியானபோது ஷீட்டில் இருந்த தவறை ஆசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள், மையக் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த மாணவர் செய்ததைத்தான் நாமும் செய்யவேண்டியிருக்கிறது. எங்கள் பிரிவிலும் மாதக் கடைசியில் யாராவது கீழே நான்கு ரோ சேர்ப்பார்கள், மொத்தம் பழைய இடத்திலேயே நின்றுவிடும். ஷீட்டைத் திறந்ததும் முதல் வேலையாக மொத்தம் இருக்கிற செல்லை இரண்டு தட்டு தட்டுங்கள். எந்தச் செல்களைக் கூட்டியிருக்கிறது என்று வண்ணக் கட்டம் காட்டும். அது எங்கே முடிகிறது என்று பாருங்கள். நெரிசலில் ஒரு விரல் போதும் இதற்கு.

*

வண்டியில் தட்டச்சு செய்யக்கூடாதவை:

வங்கிக் கணக்கு எண். எக்செல் 15 இலக்கம் வரைதான் எண்ணைச் சரியாக வைத்திருக்கும். 16 இலக்கக் கணக்கு எண்ணை அப்படியே அடித்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். முன்னால் இருக்கிற பூஜ்யங்களும் போய்விடும். செல்லை முதலிலேயே டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு, பாஸ்புக்கை பக்கத்தில் வைத்து ஆபீஸில் அடிக்கவேண்டிய எண் அது.

3-4 என்பது போன்ற பில் எண்கள். எக்செல் அவற்றைத் தேதியாக மாற்றிவிடும். மரபணு ஆய்வாளர்கள் இந்தத் தொல்லையை நெடுநாள் பட்டிருக்கிறார்கள். மார்ச்1, செப்ட்1 என்று பெயர் வைத்திருந்த மரபணுக்கள் ஷீட்டில் தேதிகளாகிக்கொண்டே இருந்தன. பெயரிடும் குழு 2020இல் மரபணுக்களின் பெயரையே மாற்ற வழிசெய்தது. மென்பொருள் மாறும் என்று காத்திருக்காமல் அவர்கள் செய்தது சரி.

*

வண்டியில் திறந்து பயனில்லாதவை பழைய தமிழ்க் கடிதங்கள். பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்த வேர்ட் ஃபைலை டேப்லெட்டில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பையாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கிலக் குறியீடுதான், எழுத்துருதான் அதற்குத் தமிழ் முகம் கொடுத்துக்கொண்டிருந்தது. யூனிகோடில் அடித்த ஃபைல் எந்த டேப்லெட்டிலும் தமிழாகவே திறக்கும். தமிழக அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்றது. இன்னும் பழைய எழுத்துருவில் கடிதம் அனுப்புகிற அலுவலகங்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஆபீஸில் ஓய்வு கிடைக்கும்போது இரண்டு இரண்டு ஃபைலாக மாற்றி வைப்பது, பின்னால் வருகிறவர்களுக்குச் செய்கிற பெரிய உதவி.

*

வீட்டை விட்டுக் கிளம்புமுன் ஃபைலை ஆஃப்லைனில் வைத்துக்கொள்ளவேண்டும். சிக்னல் இல்லாத நேரத்தில் நாம் ஒன்று திருத்த, ஆபீஸில் இன்னொருவர் வேறொன்று திருத்த, இரண்டு பிரதிகள் முளைக்கும். எங்கள் பிரிவில் இதற்கு வைத்திருக்கிற ஏற்பாடு எளிது. ரயிலில் இருப்பவர் எண்ணில் கை வைப்பதில்லை, செல்லில் கமெண்ட் மட்டும் போடுவார். வேர்ட் என்றால் டிராக் சேஞ்சஸ் போட்டுவிட்டுத்தான் திருத்தம். மேசையில் இருப்பவர் பில்லைப் பார்த்து மாற்றுவார். யார், எதை, ஏன் மாற்றினார்கள் என்பது ஆடிட்டர் கேட்கும்போது அங்கேயே இருக்கும்.

*

சம்பளப் பட்டியலை வண்டியில் திறக்கவே கூடாது. பக்கத்து சீட்டில் இருப்பவர் நல்லவராகவே இருக்கட்டும். நம்மோடு வேலை செய்கிறவருடைய சம்பளம், பான் எண், வீட்டுக் கடன் பிடித்தம் எல்லாம் நாற்பது பேர் நிற்கிற பெட்டியில் விரித்து வைப்பதற்கு உரியவை அல்ல. திரையில் ஒட்டுகிற மறைப்புத் தாள் பக்கவாட்டிலிருந்து பார்ப்பதைத்தான் தடுக்கும், பின்னால் நிற்பவரை அல்ல.

*

“வண்டியில வரும்போதே முடிச்சுடலாமே சார்” என்று மேலாளர் ஒருவர் சொன்னதிலிருந்து இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். காலையில் நான் பார்க்கிற வேலை மாலை சீக்கிரம் கிளம்புவதற்காக, நானாக எடுத்துக்கொண்டது. அதையே ஒருவர் அட்டவணையில் எழுதிவிட்டால் வேலைநாள் செங்கல்பட்டிலிருந்தே தொடங்கிவிடும். அப்படியானால் அதற்குரிய சம்பளமும் அங்கிருந்து தொடங்கவேண்டும். இதை மேலாளரிடமே சொன்னேன், அவர் மறுக்கவில்லை.

எங்கள் பிரிவுப் பெண் ஒருவர் மாலை வண்டியில் தன் டேப்லெட்டில் சிஎம்ஏ இன்டர் தேர்வுக்குப் படிக்கிறார். அந்த நேரத்தில் அவருக்கு ஷீட்டை அனுப்பி “ஒரு பார்வை பாத்துடும்மா” என்று யாரும் கேட்பதில்லை என்று பேசி வைத்திருக்கிறோம். 3பிக்கு முந்தைய நாள் மட்டும் விலக்கு. அதுவும் அவராகச் சொன்னது.