மூன்றாவது சிலிண்டர்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீதிகளில் ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் இன்னும் ஓடுவதைக் காண்போர், பழமைமீது நமக்குள்ள பற்றுக்கு அதனை ஓர் அடையாளமாகக் கூறி மகிழ்வதுண்டு. நின்று படம்பிடித்துச் செல்வோரும் உளர். அக்கூற்றில் உள்ள உண்மை சிறிதே. பற்றினால் உயிர்பிழைத்த கார்களினும் வேறு வழியின்மையால் உயிர்பிழைத்த கார்களே மிகுதி. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டிய ஆண்டுகள் அவை. மண்ணெண்ணெயின் கரி பிளக்குகளில் படியும். அவற்றைக் கழற்றிச் சுரண்டித் துடைத்துத் திரும்பப் பூட்டுவது பல் துலக்குவதுபோல அன்றாடக் கருமமாய் இருந்தது என மூத்தோர் கூறுவர். பின்னர் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான அத்தடை 2025 பெப்ரவரியில் நீங்கியபோதும், வரியோடு கூடிய விலை வாடகைக்கார்ச் சாரதியொருவரின் கைக்கு எட்டுவதாயில்லை.

ஆகவே இக்கார்களை ஓடவைத்தவை கைகளே. அக்கைகளுக்குள் இருக்கும் அறிவு எத்தகையது என்பதைச் சென்ற ஆண்டு ஓர் எஞ்சினின் நடுக்கத்தை முன்வைத்து அவதானிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

நெல்லியடிக்கு அண்மையிலுள்ள ஒரு கராச். அங்கு வந்த கார் 1958ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர் 1000. காலையும் மாலையும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவதும், முகூர்த்த நாட்களில் மணமக்களை ஏற்றுவதும் அதன் தொழில். அறுபதைக் கடந்த அதன் சாரதி நான்கு புதிய பிளக்குகளும் நான்கு புதிய பிளக் வயர்களும் வாங்கிவந்து பூட்டுவித்தார். அன்று எஞ்சின் நன்றாகவே ஓடியது. மூன்றாம் நாள், நிற்குமிடத்தில் காரின் முழு உடலும் குலுங்கத் தொடங்கியது. வேகமெடுத்தால் குலுக்கம் அடங்கும். சந்தியில் நிறுத்தினால் மீண்டும் தொடங்கும்.

'ஐடிலிங்' என்று மெக்கானிக்மார் கூறும் இந்நிலை ஓர் எஞ்சினுக்குக் கடும் பரீட்சை என்க. அந்நிலையில் இந்த எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 தடவை சுற்றும். ஒவ்வொரு சிலிண்டரும் இரு சுற்றுக்கு ஒரு தடவையே வெடிக்குமாதலால், நான்கிலும் நிமிடத்துக்கு 1000 வெடிப்புகள் நிகழ்கின்றன. வேகமாய்ச் சுற்றும்போது கனத்த பறக்குஞ்சில்லு ஒரு வெடிப்புத் தவறுவதைத் தன் உந்தத்தால் மறைத்துவிடும். மெல்லச் சுற்றும்போது அந்த மறைப்பு இல்லை. நால்வர் தூக்கும் பல்லக்கில் ஒருவர் கால் தடுக்கினால் உள்ளிருப்பவருக்கு எவ்வாறு தெரியுமோ அவ்வாறே தெரிந்துவிடும்.

புதிய பிளக்கும் புதிய வயரும் பூட்டியபின் இவ்வாறு நேர்வதற்கு அறியப்பட்ட காரணங்கள் பல. பிளக்கின் இரு முனைகளுக்கும் இடையிலான வெளி இவ்வெஞ்சினுக்கு 0.025 அங்குலமாய் இருத்தல் வேண்டும்; கடையில் வாங்கியவாறே அளவாது பூட்டினால் அது கூடியோ குறைந்தோ இருக்கலாம். இறுக்கும்போது சாவி சரிந்து பிளக்கின் வெண்பீங்கான் மயிரிழையாய் வெடித்திருக்கலாம். வெடிப்பு ஒழுங்கு 1-3-4-2. டிஸ்றிபியூட்டரின் மூடிக்குள் றோட்டர் இடஞ்சுழியாய்ச் சுற்றும். அதனை மறந்து இரு வயர்களை இடம் மாற்றினால், எஞ்சின் குலுங்குவதோடு நில்லாது புகைக்குழாயிற் சுடவும் செய்யும். அருகிலுள்ள சிறு காற்றுக்குழாயொன்று கைபட்டுக் கழன்றிருக்கவும் கூடும். இவையனைத்தும் கண்ணாலும் கையாலும் பார்த்துத் தீர்க்கக்கூடியவை. ஒரு மணி நேர வேலைதான்.

ஆயின் கராச்சின் முதலாளி பார்க்கவில்லை, தீர்ப்புக் கூறினார். ஒன்றல்ல, இரண்டு தீர்ப்புகள். "வால்வு எரிஞ்சுபோச்சு, ஹெட் கழட்ட வேணும்" என்பது முதலாவது. அது சாரதியின் ஒரு மாத வருமானத்தை விழுங்கும். ஹெட்டைக் கழற்றச் சாரதி இணங்காததைக் கண்டதும் இரண்டாவது தீர்ப்பு வந்தது: "உந்தப் பொடியன் பூட்டின பூட்டுத்தான் பிழை. டேய், உன்ர சம்பளத்திலதான் கழிப்பன்." பொடியன் என்றது பத்தொன்பது வயதுத் தொழிலாளியை. சாதாரணதரப் பரீட்சையிற் கணிதம் சித்தியடையாது பாடசாலையை விட்டவன். நாட்கூலிக்கு நிற்பவன்.

முன்னையது பழைய எஞ்சினையும் பின்னையது கூலித் தொழிலாளியையும் குற்றவாளியாக்கின. புதிதாய் விலைக்கு வாங்கி வந்த பொருளை எவரும் ஐயுறவில்லை. உறையில் எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் என்று அச்சிட்டிருந்தது. அச்சிட்டதற்கு நமது சமுதாயத்தில் உள்ள மதிப்புக் கரிபிடித்த கைக்கு இல்லை.

அவ்விளைஞன் வாதாடவில்லை. சாரதியிடம் ஒன்றே கேட்டான்: "ஐயா, நான் பூட்டினாப் பிறகு வேற ஆரும் கை வைச்சவையோ?" இல்லை என்றதும் எஞ்சினைக் கிளப்பினான். உலர்ந்த றப்பர்த் துண்டொன்றைக் கையிற் சுற்றிக்கொண்டு முதலாவது பிளக்கின் வயரைக் கழற்றினான். எஞ்சின் தளர்ந்தது. அதைப் பூட்டி இரண்டாவதைக் கழற்றினான், மீண்டும் தளர்ந்தது. மூன்றாவதைக் கழற்றினான், ஒரு மாற்றமும் இல்லை. நான்காவதைக் கழற்றியபோது நின்றே போயிற்று.

"மூண்டுதான் வேலை செய்யேல்லை, சேர்" என்றான். "இனி ஏனெண்டு பாப்பம்."

மூன்றாவது சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி முனைவெளியைத் தகட்டால் அளந்து காட்டினான், சரியாயிருந்தது. பின் அதனை இரண்டாவதில் இட்டு, இரண்டாவதன் பிளக்கை மூன்றாவதில் இட்டான். குற்றம் பிளக்கைத் தொடர்ந்து இரண்டாவதற்குப் போகவில்லை, மூன்றாவதிலேயே நின்றது. ஆகவே பிளக் நிரபராதி. எஞ்சியவை வயர், டிஸ்றிபியூட்டரின் மூடி, எஞ்சினின் உட்புறம் என மூன்றே. முதலாளியின் வால்வு அம்மூன்றில் ஒன்றாக இன்னும் இருந்தது என்பதையும் நேர்மையாகக் கூறவேண்டும். கழித்தெறிந்த பழைய வயர்களைப் பெட்டிக்குள் தேடி எடுத்து, மூன்றாவதற்குரியதை மட்டும் பூட்டினான். எஞ்சின் குலுக்கம் நீங்கித் தையல் மெசின்போல் ஓடியது.

நோயை நாடி, அதன் முதலை நாடி, அது தணிக்கும் வழியையும் நாடுமாறு வள்ளுவர் கூறிய குறளை ஆண்டுதோறும் வகுப்பிற் படிப்பிக்கிறோம். அக்குறளின் எண் 948. இவ்வெஞ்சினின் கொள்ளளவும் 948 கன சென்ரிமீற்றர். இது தற்செயலே, தமிழாசிரியர்களின் கண்ணில்தான் இத்தகைய பொருத்தங்கள் படும். பொருத்தம் எவ்வாறாயினும், அக்குறளின் பொருளை அதற்குமுன் இத்துணைத் தெளிவாக நான் கண்டதில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, ஏனையவற்றை மாற்றாதே, விளைவைப் பார் என்பதே விஞ்ஞானப் பாடநூல் கூறும் பரிசோதனை முறையும்.

ஆனால் அவன் அத்தோடு நிற்கவில்லை. வேலை செய்துவிட்டது, போதும் என்பது வியாபாரம். ஏன் செய்யவில்லை என்று கேட்பது அறிவு. புதிய வயரின் நுனியை வெட்டிப் பிளந்தான். உள்ளே செப்புக்கம்பி இல்லை. கரி ஊட்டிய நூல் இருந்தது. வானொலியில் இரைச்சல் எழாதிருக்கச் செய்யப்பட்ட வயர் அது. அதற்கேற்ற மூடியில் குறையின்றி வேலை செய்யும். இக்காரின் மூடியோ பழைய வகை. வயர்கள் அதற்குள் பக்கவாட்டில் நுழைகின்றன. மூடியின் உட்புறமிருந்து முடுக்கும் கூர்நுனித் திருகாணிகள் றப்பரைத் துளைத்துச் செம்பைக் கவ்விப்பிடிக்கின்றன. செம்பு இருந்தால் கவ்வும். கரிநூலை அவ்வாறு கவ்வ முடியாது. மின்சாரம் அவ்விடத்திற் பொறியாய்ப் பாய்ந்து நூலை எரிக்க, இடைவெளி நாளுக்கு நாள் பெருகுகிறது. முதல் நாள் நன்றாய் ஓடி மூன்றாம் நாள் குலுங்கியதன் காரணம் இதுவே. ஏனைய மூன்று வயர்களின் நுனியும் கருகத் தொடங்கியிருந்ததைக் காட்டினான்.

இதனை எங்கே கற்றாய் என்று கேட்டேன். மண்ணெண்ணெய்க் காலம் முழுவதும் அக்கராச்சிலே வேலைசெய்து பின்னர் மறைந்துபோன ஒரு முதியவரைக் கூறினான். "கார் குழம்பினா, கடைசியா எதில கை வைச்சவை எண்டு முதல் கேளடா எண்டு சொல்லுவார், சேர். கார்ப் புத்தகம் இங்கிலீசில இருக்கு. அவருக்கும் வாசிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது." அந்தப் பழைய கைந்நூல் எண்ணெய்க் கறையுடன் மேசை லாச்சியிற் கிடந்தது. டிஸ்றிபியூட்டரைக் குறுக்காக வெட்டிக் காட்டும் படத்தை மட்டும் பலர் விரலால் தொட்டுத் தொட்டுத் தேய்த்திருந்தார்கள்.

தாய்மொழிக் கல்வியை வென்றெடுத்தோம் என்று பேசுகிற நாம் அவ்வெற்றியைப் பாடசாலை வாயிலோடு நிறுத்திவிட்டோம் என்றே எனக்குத் தோன்றுகிறது. உரைகளுக்கு உரை எழுதத் தமிழ் இருக்கிறது. ஒரு மூடிக்குள் திருகாணி ஏன் கூராயிருக்கிறது என்பதை எழுதிவைக்க எவரும் முன்வரவில்லை. அம்முதியவர் மறைந்தபோது அவ்வறிவில் எவ்வளவு அவரோடு போயிற்றோ? ஏட்டுக்கல்வி இல்லாதோரின் திறனைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடு தேசிய தொழிற்றகைமை முறையில் உண்டு. நல்ல ஏற்பாடே. எனினும், சோதனைக்குப் போகும் நாளுக்குக் கூலி இல்லை என்பதை அவ்விளைஞன்தான் எனக்கு எடுத்துச் சொன்னான். அவனைச் 'சித்தியெய்தாதோர்' நிரலிற் சேர்த்த வினாத்தாளில் தருக்கம் பற்றிய வினா ஒன்றாவது இருந்திருக்கும்.

மாலையில், சுருளிலிருந்து வெட்டிய செப்பு வயர்கள் நான்கும் பூட்டப்பட்டன. வானொலி இரையுமே என்றதற்கு, "அது பாடாமலே பத்து வரியம், தம்பி" என்றார் சாரதி. முதலாளி ஒன்றும் கூறவில்லை. அந்தச் சனிக்கிழமை சம்பளத்திற் கழிவும் செய்யவில்லை. வெட்டிப்பிளந்த வயரைக் கடைக்காரர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். அந்நான்கின் விலையும் சாரதியின் கணக்கிலேயே நின்றது.