கார்பின்ஸ் கோவ் பங்கர்

நேற்று சாயங்காலம் அந்தமானில், போர்ட் பிளேரின் கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்குப் போனோம். கடலோரச் சாலையில் ஜப்பான்காரன் கட்டிய பங்கர்கள் இன்னும் அசையாமல் நிற்கின்றன. மகன் ஒன்றுக்குள் புகுந்து, துப்பாக்கி நீட்டும் சந்து வழியாக எனக்கு டாட்டா காட்டினான்.

ஜப்பான்காரன் தடுக்கவே முடியாதவன் இல்லை. 1942 ஜனவரியில் சீனாவின் சாங்ஷா நகரில், தளபதி சுவே யூவின் படை ஜப்பானியரை உள்ளே வரவிட்டு, வளைத்து அடித்து விரட்டியது. இரண்டே மாதம். மார்ச் 23 அன்று அதே ஜப்பான் ராணுவம் போர்ட் பிளேரில் இறங்கியபோது எதிர்ப்பே இல்லை. பிரிட்டிஷ் படை முன்பே கப்பலேறியிருந்தது, சனங்களை இங்கேயே விட்டுவிட்டு.

1943 டிசம்பர் 30இல் நேதாஜி இங்கே கொடியேற்றியது எல்லோருக்கும் தெரியும். சரியாக ஒரு மாதம் கழித்து ஹம்ஃப்ரேகஞ்சில் ஜப்பானியர் 44 பேரை உளவாளிகள் என்று சொல்லிச் சுட்டுக் கொன்றதை எத்தனை பேர் அறிவார்கள்? அதற்குச் சில நாள் முன்புதான் டாக்டர் திவான் சிங், பஞ்சாபிக் கவிஞர், செல்லுலர் சிறையில் சித்திரவதைப்பட்டு இறந்தார். வெள்ளைக்காரன் கட்டிய சிறை; வந்தவனுக்கும் தோதாகத்தான் இருந்திருக்கிறது.

"இதுக்குள்ள யாருப்பா இருந்தாங்க?" என்றான் மகன். "வெளியே வா, இருட்டுது" என்றேன்.