ஏற்றத்தில் தெரியும் வருத்தம்

எங்கள் வீட்டுக் கார் 2003இல் ஜப்பானில் செய்யப்பட்டது. 1500 சீசீ, நான்கு சிலிண்டர். அதை விற்றுவிட்டு வேறொன்று வாங்கும் வசதி ஒரு கிராமத்து ஆசிரியனுக்கு என்றும் இருந்ததில்லை. அதிலும், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் இருபது வருடப் பழைய வாகனங்களுக்கும் பொன் விலை சொன்னார்கள். தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அதுவரை இருப்பதைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

அந்தக் கார் 2024இன் கடைசியில் நடுங்கத் தொடங்கியது. மாவனல்லைப் பக்கமிருந்து மாதமொருமுறை உம்மாவைக் கண்டிக்கு இதய கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும். இடையில் கடுகண்ணாவை ஏற்றம். சமதரையில் சாதுவாக வரும் கார், ஏற்றத்தில் அக்ஸிலரேட்டரை மிதித்ததும் உலுக்கும். காலை எடுத்தால் அடங்கிவிடும். பின்னால் லொறிக்காரன் ஹோர்ன் அடிப்பான். "மெதுவாப் போங்க மகன்" என்பா உம்மா. மெதுவாகப் போனால் ஏறாது, மிதித்தால் நடுங்கும்.

முதலில் காட்டிய கராஜில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, கியர் பொக்ஸ் மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன தொகை என் இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. யோசித்துச் சொல்வதாகக் கூறி வந்துவிட்டேன். அடுத்த கிளினிக்குக்குப் பதினெட்டு நாட்கள் இருந்தன.

பிறகு எங்களூரில் பலாமரத்தடியில் கராஜ் வைத்திருக்கும் நானாவிடம் போனேன். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. என்னை வாங்கில் இருத்தி, வைத்தியர் போலக் கேள்வி கேட்டார்.

"சும்மா நிக்கக்குள்ள நடுங்குதா சேர்?"

"இல்லை நானா."

"கால எடுத்தா?"

"உடனே நின்றுவிடும்."

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு சந்தேகம் கழிந்தது. மிதித்தாலும் விட்டாலும் வேகத்தோடு கூடும் நடுக்கமென்றால் டயரையும் வீல் பெலன்ஸையும் பார்க்க வேண்டும். கியரை முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றும்போது 'டக்'கென்று இடித்தால் என்ஜின் மவுண்ட். மிதிக்கும்போது முன்பக்கம் இடம்வலமாக ஆடினால் அக்ஸலின் உட்பக்க மூட்டு. எங்கள் கார் ஒழுங்கின்றி வெட்டியது. வெட்டும்போதெல்லாம் இழுவையும் குறைந்தது. "பெற்றோல் சரியா எரியல்ல போல ஈக்கி" என்றார் நானா.

அதன் பின்னரே ஸ்கேனரைப் பொருத்தினார். பி0303 என்று வந்தது. கடைசி இலக்கம் சிலிண்டரைக் குறிக்கும். மூன்றாவதில் எரிதல் தவறுகிறது.

"அப்படியென்றால் மூன்றாவது கொயிலை மாற்றினால் சரிதானே?"

"மிஷின் எடத்தத்தான் சொல்லும் சேர். காரணத்தச் சொல்லாது."

அந்த வாகனத்தில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனித்தனிக் கொயில். மூன்றாவதைக் கழற்றி முதலாவதிலும், முதலாவதை மூன்றாவதிலும் பொருத்தினார். பழைய பதிவை அழித்துவிட்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூட மேட்டில் இரண்டு தரம் ஏறினார். நடுக்கம் அப்படியே இருந்தது. ஆனால் இம்முறை பி0301. குறை கொயிலோடு சேர்ந்து இடம் மாறியிருந்தது. பெற்றோல் தெளிக்கும் இன்ஜெக்டரிலோ சிலிண்டருக்குள்ளோ பிழை இருந்திருந்தால் அது மூன்றாவதிலேயே நின்றிருக்கும்.

கொயிலின் அடி ரப்பரில் மயிரிழையாக ஒரு வெடிப்பு. பிளக்கில் 1.1 மில்லிமீற்றர் இருக்க வேண்டிய இடைவெளி தேய்ந்து 1.5 ஆகியிருந்தது. இடைவெளி கூடினால் பொறி பாயக் கூடிய மின்னழுத்தம் வேண்டும். அந்தச் சுமை கொயிலின் மேல் விழும்.

சமதரையில் ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். மிதிக்கும்போது சிலிண்டருக்குள் காற்று அதிகம் நிறைகிறது, அமுக்கம் கூடுகிறது. அமுங்கிய காற்றினூடே பொறி பாய்வது கடினம். அந்த நேரத்தில் மின்சாரம் லேசான வழியைத் தேடி, வெடித்த ரப்பரினூடாக என்ஜினின் இரும்புக்குள் ஓடிவிடும். பாரம் குறைந்தால் பொறி மீண்டும் தன் இடத்தில் பாயும். பாரம் விழும்போதுதான் வருத்தம் தெரியும்.

"என்ஜின் லைட் பத்திக்கொண்டு நிண்டா, கெதியாக் காட்டுங்க. மின்னி மின்னி எரிஞ்சா, கால எடுத்து ஓரமா நிப்பாட்டுங்க" என்றும் எச்சரித்தார். எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குள் போய், அங்குள்ள கற்றலிற்றிக் கொன்வேட்டரைச் சூடாக்கி அழித்துவிடுமாம். அது போனால் செலவு பல மடங்கு.

நான்கு பிளக்குகளும் ஒரு கொயிலும் மாற்றினோம். கியர் பொக்ஸை எவரும் தொடவில்லை. அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது உம்மா கடுகண்ணாவை ஏற்றத்தில் தூங்கிவிட்டா.

நானா எழுதித் தந்த துண்டில் சாமான்களின் விலையும், பூட்டுவதற்கான சிறு கூலியும் மட்டுமே இருந்தன. கேள்வி கேட்டதற்கும், யோசித்ததற்கும், இரண்டு தரம் மேடேறியதற்கும் ஒரு சதமும் இல்லை. அதையும் எழுதுங்கள் என்றேன். "சாமான் மாத்தாம சல்லி கேட்டா ஆரு சேர் தருவாங்க?" என்று சிரித்தார்.

அவர் சொன்னது உண்மை. பெட்டியில் வரும் பொருளுக்குப் பேரம் பேசாமல் கொடுக்கிறோம்; காரணம் கண்டுபிடித்தவனின் அரைநாளுக்குக் கணக்கே பார்ப்பதில்லை. யோசிப்பதற்குக் கூலி இல்லாத ஊரில், யோசிக்காமல் கழற்றி மாற்றுகிற கராஜ்கள் பெருகினால் அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அன்று நான் வற்புறுத்தி நானாவின் மேசையில் வைத்த தொகை, பிளக் நான்கின் விலைக்குச் சமம். அதையும் அவர் இரண்டு முறை திருப்பித் தந்தார். மூன்றாம் முறைதான் எடுத்துக்கொண்டார்.