அக்காவின் நோட்டுப் புத்தகம்

2012 ஜூன் மாதம் பிரான்சுக்குப் போயிருந்தேன். ஓர்லேயான் நகருக்கு வெளியே என் அக்காவின் கணவர் தனியாக இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நம்ம ஊர்ப் பேச்சில் சொல்தா. அக்கா காலமாகி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது.

வீட்டுக்குப் பக்கத்தில், மரத்தடியில், அவர்களுடைய காம்பிங் கார் நின்றது. பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன்: வேன் ஒன்றின் முதுகில் சின்ன வீட்டைக் கட்டி வைத்தது போல இருக்கும். கட்டில், அடுப்பு, கழிவறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே. 1992-ம் வருடத்து ஃபியட் டுகாட்டோ. அக்கா போனபின் அதை யாரும் திறக்கவில்லை.

"எடைக்குப் போட்டுடலாம் மாப்ளே. உனக்குத்தான் பிரெஞ்சு நல்லா எழுத வரும். அந்தக் காகிதங்களை எழுதிக் கொடு" என்றார் மாமா.

எழுதுவதற்கு வண்டியின் ஆவணங்கள் வேண்டுமே என்று உள்ளே தேடினேன். அடுப்புக்குக் கீழ் இழுப்பறையில் ஒரு நோட்டுப் புத்தகம் கிடைத்தது. அக்காவின் தமிழ்க் கையெழுத்து. தேதி, ஓடிய கிலோமீட்டர், செய்த வேலை, கொடுத்த பணம் என்று கோடு போட்டு எழுதியிருந்தாள். குமாஸ்தா வேலை பார்த்த நான்கூட இவ்வளவு ஒழுங்காகப் பதிவேடு வைத்ததில்லை. குளிர்காலத்துக்கு முன்னால் "தண்ணீர் முழுக்க வடித்தாச்சு." வடிக்காவிட்டால் தண்ணீர் உறைந்து வெந்நீர்க் கொதிகலன் வெடித்துவிடும். ஒவ்வொரு வருடமும் ஏப்ரலில் ஒரே வரி: "கூரை பார்த்தாச்சு, சுவர் தட்டியாச்சு." கடைசி ஏப்ரல் 2009.

மறுநாள் புது பேட்டரி போட்டோம். இஞ்சின் இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. மாமா முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் எனக்கு அந்த வரி உறுத்திக்கொண்டே இருந்தது. விரல் முட்டியால் சுவரைத் தட்டிக்கொண்டே போனேன். அக்கா துணி வைத்த அலமாரிக்குப் பின்னால் சத்தம் மந்தமாகிவிட்டது. கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். ஊறிய ரொட்டி போல உள்ளே போனது.

பழைய காம்பிங் காரைக் கொல்வது இஞ்சின் அல்ல, தண்ணீர். வெளியே அலுமினியத் தகடு, உள்ளே ஒட்டுப்பலகை, நடுவில் மரச் சட்டம். கூரை ஜன்னலைச் சுற்றியுள்ள பூச்சு வெடித்தால் ஒரு சொட்டு உள்ளே இறங்கும். வெளியே தெரியவே தெரியாது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அரசாங்கம் கேட்கும் பரிசோதனையில் பிரேக், விளக்கு, புகை பார்ப்பார்கள். சுவருக்குள் பார்க்க மாட்டார்கள்.

மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பேசவில்லை.

"தெரியும் மாப்ளே. அவதான் முதல்ல ஈரத்தைப் பார்த்தா. அப்புறம் பார்த்துக்கலாம்னேன். அப்புறம் ஆஸ்பத்திரி வந்துடுச்சு."

அன்று சாயங்காலம் காகிதங்களைப் பற்றி இருவருமே பேசவில்லை.

வேலையை ஆரம்பித்தோம். உள்பலகையைப் பிரித்தோம். மக்கிய சட்டங்களை வெட்டி எடுத்தோம். இரண்டு வாரம் திறந்து போட்டுக் காயவிட்டோம். ஈரத்தோடு மூடினால் மறுபடி மக்கும். புதுச் சட்டம், புது ஒட்டுப்பலகை. கூரையில் பழைய பூச்சை முழுக்கச் சுரண்டிவிட்டு பியூட்டைல் பட்டை ஒட்டினோம். மாமா சிலிக்கோன் குழாயை எடுத்தார். கடைக்காரர் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அது ஒரு முறை பட்ட இடத்தில் பிறகு வேறு எதுவும் ஒட்டாதாம்.

டயர்களின் பட்டன் தேயவே இல்லை. ஆனால் பக்கத்தில் 1703 என்று இருந்தது. 2003-ம் வருடம் 17-வது வாரம் செய்தது என்று அர்த்தம். நான்கையும் மாற்றினோம். காஸ் குழாயிலும் காலாவதி வருடம் அச்சிட்டிருக்கும், அதுவும் முடிந்திருந்தது. டைமிங் பெல்ட்டை மட்டும் மெக்கானிக்கிடம் விட்டோம். வண்டி ஓடாமல் நின்றாலும் அதற்கு வயதாகும்.

ஆகஸ்டில் மேற்கே கிளம்பினோம், லோரியானுக்கு. 400 கிலோமீட்டருக்கு மேல். அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் கம்பெனிக் கப்பல்கள் நம்ம புதுச்சேரிக்குப் புறப்பட்ட துறைமுகம். அந்தப் பெயருக்கே கிழக்கு என்றுதான் பொருள். பள்ளிக்கூடத்தில் படித்ததை ஒரு முறை அக்காவிடம் சொல்லியிருந்தேன். அங்கே போகணும் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

அங்கே முதல் ராத்திரியே நல்ல மழை. நடுராத்திரி கண் விழித்தால் மாமா கையில் டார்ச்சோடு நிற்கிறார். அலமாரியைத் திறந்து உள்சுவரில் உள்ளங்கையை வைத்திருந்தார்.

"காஞ்சிருக்கு மாப்ளே."

காலையில் நோட்டுப் புத்தகத்தை எடுத்து, அக்கா விட்ட இடத்துக்குக் கீழே, அவருடைய கோணல் எழுத்தில் அதையே எழுதினார்.

நான் ஊர் திரும்பியதிலிருந்து ஒவ்வொரு வருடமும் ஐப்பசி மழைக்கு முன்னால் மாடிக்குப் போய்த் தளத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன். அப்புறம் பார்த்துக்கலாம் என்று சொல்வதில்லை.